வில் ஹே: பாடம் தெரியாத வாத்தியார்

வில் ஹே என்ற ஆங்கில நகைச்சுவை நடிகர் மேடையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே வேடத்தைக் கட்டினார். பாடம் தெரியாமல் பாடம் நடத்தும் பள்ளி வாத்தியார் வேடம் அது. பிறகு, 45 வயதில் சினிமாவுக்கு வந்து, 1934 முதல் 1943 வரை 18 படங்களில் நடித்தார். அவற்றில் சிலவற்றின் திரைக்கதையில் பங்கெடுத்தார், மூன்றை இன்னொருவரோடு சேர்ந்து இயக்கினார். 1930களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் திரையரங்குகளுக்குக் கூட்டம் சேர்த்த நடிகர்களைச் சொல்லும்போது கிரேசி ஃபீல்ட்ஸ், ஜார்ஜ் ஃபார்ம்பி ஆகியோரோடு இவர் பெயரும் வரும். சாப்ளினையும் லாரல்-ஹார்டியையும் அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இவரை அவ்வளவாகத் தெரியாது. பேச்சை நம்பிய நகைச்சுவை கடல் கடப்பது கடினம் என்பதே அதற்குக் காரணம்.

இவர் வாழ்ந்த தென் லண்டன் இன்று தமிழர்களுக்கு நன்கு பழக்கமான பகுதி. விம்பிள்டன் என்றதும் டென்னிஸோடு எஃப்ரா சாலைப் பிள்ளையார் கோயிலும் நினைவுக்கு வரும். அதே ஊரின் பிராட்வே தெருவில் 1910 டிசம்பர் 26 அன்று திறக்கப்பட்ட நாடக அரங்கில் இன்றும் நாடகங்கள் நடக்கின்றன. குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் காலக் கேளிக்கை நாடகம் ஒன்றுதான் அங்கே முதலில் மேடையேறியது. வில் ஹே மேடைத் தொழிலுக்கு வந்ததும் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான். அவர் வீடு வாங்கிக் குடியிருந்த நார்பரி, விம்பிள்டனுக்குக் கிழக்கே சில மைல் தொலைவில், மிச்சமைத் தாண்டிக் குரோய்டன் போகும் வழியில் இருக்கிறது.

அன்றைய லண்டனில் சாதாரண மக்களின் பொழுதுபோக்கு, மியூசிக் ஹால். மதுக்கடைகளை ஒட்டிய பாட்டுக் கூடங்களிலிருந்து வளர்ந்த கலை அது. 1852இல் லாம்பெத் பகுதியில் சார்லஸ் மார்ட்டன் திறந்த கேன்டர்பரி ஹால் அதன் தொடக்க கால அரங்குகளில் பெயர்பெற்றது. பாட்டு, வித்தை, நடனம், சிரிப்புத் துணுக்கு என்று ஒரே இரவில் பத்துப் பன்னிரண்டு நிகழ்ச்சிகள் நடக்கும். ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அதற்குள் கூட்டத்தைப் பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் வேலை இருக்காது. நம் ஊர் ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் வேடக்காரர் தன் சொந்தச் சரக்கோடு மேடைக்கு வருவதைப் போல, மியூசிக் ஹால் கலைஞரும் தனக்கான நிகழ்ச்சியைத் தானே எழுதி, தானே சுமந்து ஊர் ஊராகப் போனார். எழுத்தாளர் வேறு, நடிகர் வேறு என்ற பிரிவினை அங்கே பெரிதாக இல்லை. வில் ஹே பின்னாளில் திரைக்கதையில் கைவைத்ததற்கான பயிற்சி இங்கேதான் கிடைத்தது.

வில்லியம் தாம்சன் ஹே 1888 டிசம்பர் 6 அன்று இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் நகரில் பிறந்தார். தந்தை பொறியாளர். குடும்பம் அடிக்கடி ஊர் மாறியது. மகனும் பொறியியல் தொழிலில் பயிற்சிக்குச் சேர்ந்தார். மொழிகள் அவருக்கு எளிதில் வந்தன. பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன் கற்று, மொழிபெயர்ப்பாளராக வேலையும் பார்த்தார். 1907இல், பதினெட்டு வயதில், திருமணம் நடந்தது. அமெரிக்க நடிகர் டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ் மேடையில் பந்துகளை வீசிப் பிடித்து வித்தை காட்டுவதைப் பார்த்த பிறகு மேடை ஆசை பிடித்துக்கொண்டது. வித்தைக்காரராகத் தொடங்கியவர் விரைவிலேயே பேச்சுக்கு மாறினார்.

வாத்தியார் வேடத்துக்கான விதை வீட்டிலிருந்தே கிடைத்தது. அவருடைய சகோதரி பள்ளி ஆசிரியை. வகுப்பில் நடந்ததை அவர் வந்து சொல்லச் சொல்ல, ஹேவுக்குள் ஒரு பாத்திரம் உருவானது. முதலில் ஆசிரியையாகப் பெண் வேடமிட்டு நடித்துப் பார்த்தார், பிறகு ஆண் வாத்தியாராக மாற்றினார். 1914இல் ஃபிரெட் கார்னோவின் குழுவில் இடம் கிடைத்தது. தென் லண்டனின் கேம்பர்வெல்லில் ஒரு தொழிற்சாலை நடத்துவதுபோல நகைச்சுவைக் குழுக்களைத் தயாரித்து நாடெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தவர் கார்னோ. சாப்ளினும் ஸ்டான் லாரலும் அவரிடம் தொழில் படித்தவர்கள். ஒரு சிரிப்பு விழுவதற்கு எத்தனை நொடி காத்திருக்க வேண்டும், கூட நடிப்பவருக்கு எங்கே இடம் விட வேண்டும் என்பதை ஓயாத ஒத்திகையில் அங்கே கற்றுக்கொண்டார்கள். ஹே நான்கு ஆண்டுகள் அங்கே இருந்தார்.

பின்னர், 1920களில், ‘செயின்ட் மைக்கேல்ஸ் பள்ளியின் நான்காம் வகுப்பு’ என்ற தன் நிகழ்ச்சியோடு அவர் பிரிட்டன் முழுக்கச் சுற்றினார். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா வரை போனார். 1925இல் அரசர் ஐந்தாம் ஜார்ஜ் முன்னிலையில் நடந்த சிறப்பு நிகழ்ச்சியிலும் அந்த வகுப்பு நடந்தது.

அந்த நிகழ்ச்சியின் கட்டுமானத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அவருடைய சினிமா முழுவதும் அதற்குள் இருக்கிறது. நைந்துபோன கறுப்பு அங்கி, தலையில் சதுரத் தொப்பி, காதில் மாட்டாமல் மூக்கை மட்டும் கவ்வி நிற்கும் கண்ணாடி என்று வாத்தியார் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். எதிரே இரண்டு மூன்று மாணவர்கள். அவர்களில் ஒருவன் படுசுட்டி. இன்னொருவர் ஹார்பாட்டில் என்ற கிழவர், எப்போதோ வகுப்பில் சேர்ந்து இன்னும் தேறாமல் இருப்பவர். சுட்டிப் பையன் ஒரு கேள்வி கேட்கிறான். வாத்தியாருக்கு விடை தெரியாது. ஆனால் தெரியாது என்று அவர் சொல்லிவிட முடியாது, சொன்னால் நாற்காலி போய்விடும். எனவே மூக்கை உறிஞ்சுகிறார், கண்ணாடியைச் சரிசெய்கிறார், கேள்வியையே திருப்பிக் கேட்கிறார், பையன் வாயிலிருந்து விடையைப் பிடுங்கிவிடப் பார்க்கிறார். பையனோ விடமாட்டேன் என்கிறான். இருவரும் மாறி மாறி நியாயம் பேசப் பேச, ஒவ்வொரு படியும் சரியாகத் தோன்றும் ஒரு வாதம் கடைசியில் முழு அபத்தத்தில் போய் முட்டுகிறது. பார்வையாளருக்குச் சிரிப்பு வருவது வாத்தியாரின் பேச்சில் மட்டுமல்ல, பேச்சுக்கு நடுவே அவர் முகத்தில் ஓடும் கணக்கிலும்தான். மாட்டிக்கொண்டோம் என்று அவருக்குத் தெரிகிறது, நமக்கும் தெரிகிறது, நமக்குத் தெரிந்துவிட்டது என்பதும் அவருக்குத் தெரிகிறது.

இந்த மனிதரிடம் இரக்கத்தைத் தூண்டும் எதுவும் இல்லை. சாப்ளினின் நாடோடிக்கு நம் மனம் இளகும். ஹேவின் வாத்தியார் பொய் சொல்வார், ஏமாற்றுவார், சிறுவர்களோடு பந்தயம் கட்டிக் காசு பார்ப்பார். அவருக்காகக் கண்ணீர் விடச் சொல்லி நடிகர் ஒருபோதும் கேட்டதில்லை. தகுதியில்லாமல் ஒரு பதவியில் உட்கார்ந்தவன் அதைக் காப்பாற்றப் படும் பாட்டை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய நகைச்சுவை நடிகர்கள் மிகச் சிலரே.

பேசும்படம் வந்தபோது மியூசிக் ஹால் தேயத் தொடங்கியது. அதே நேரத்தில் சினிமாவின் கதவும் திறந்தது. 1927இல் பிரிட்டிஷ் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. திரையரங்குகள் திரையிடும் படங்களில் குறிப்பிட்ட பங்கு பிரிட்டிஷ் படங்களாக இருக்க வேண்டும் என்றது அது. 5 விழுக்காட்டில் தொடங்கிய அந்தப் பங்கு 1936இல் 20 விழுக்காட்டைத் தொட்டது. ஹாலிவுட்டுக்கு எதிராக உள்நாட்டுப் படங்களை வேகமாக எடுத்துத் தள்ள வேண்டிய நிலை. பேசத் தெரிந்த, மக்கள் ஏற்கெனவே அறிந்த முகங்கள் தேவைப்பட்டன. அவை மியூசிக் ஹால் மேடைகளில் நிறைய இருந்தன.

ஹேவின் முதல் படம் ‘தோஸ் வேர் த டேஸ்’ 1934இல் வந்தது. எல்ஸ்ட்ரீ படப்பிடிப்பு நிலையத்தில் எடுக்கப்பட்ட அந்தப் படம் ஆர்தர் பினேரோவின் பழைய நாடகம் ஒன்றைத் தழுவியது. அதில் ஹே ஒரு நீதிபதி. மியூசிக் ஹால் காட்சிகளில் அந்த மேடையின் உண்மையான மூத்த கலைஞர்கள் சிலரே தோன்றுகிறார்கள் என்பதால் அது இன்று ஓர் ஆவணமும்கூட. அடுத்த இரண்டு படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிறர் எழுதிய பாத்திரங்களுக்குள் அவர் அடங்கி நடித்தார், அவ்வளவுதான்.

1935இல் கெயின்ஸ்பரோ நிறுவனத்துக்காக அவர் நடித்த ‘பாய்ஸ் வில் பி பாய்ஸ்’ படத்தில்தான் வாத்தியார் திரைக்கு வந்தார். போலிச் சான்றுக் கடிதத்தால் ஒரு மோசமான பள்ளிக்குத் தலைமையாசிரியராகிறார் நாயகன். ஜே. பி. மார்ட்டனின் பத்திரிகைப் பத்திகளில் வந்த கற்பனைப் பள்ளி அது. ராபர்ட் எட்மண்ட்ஸோடு சேர்ந்து திரைக்கதை எழுதியவர் ஹேதான். அடுத்த ஆண்டு வந்த ‘வேர் தேர்ஸ் எ வில்’ படத்தின் திரைக்கதையிலும் அவர் பெயர் உண்டு. இரண்டையும் இயக்கியவர் அமெரிக்காவிலிருந்து வந்த வில்லியம் போடைன்.

எழுத்தில் ஹே எதிர்கொண்ட சிக்கல் எளிதில் தீர்வது அல்ல. மேடையில் பதினைந்து நிமிட நிகழ்ச்சி ஒன்றைப் பல ஆண்டுகள் நடத்தலாம். இந்த வாரம் பார்த்தது ஒரு ஊர், அடுத்த வாரம் வேறு ஊர். சினிமாவோ ஒரே வாரத்தில் நாடு முழுக்கப் போய்ச் சரக்கைத் தீர்த்துவிடும். மேலும் பதினைந்து நிமிட வகுப்பை எண்பது நிமிடக் கதையாக இழுக்கவும் முடியாது. அவரும் கூட்டாளிகளும் கண்ட வழி, வாத்தியாரின் குணத்தை அப்படியே வைத்துக்கொண்டு அவருக்கு வேறு வேறு பதவி கொடுப்பது. கப்பல் தலைவன், சிறை அதிகாரி, ரயில் நிலைய அதிகாரி, காவல்துறை சார்ஜண்ட், தீயணைப்புப் படைத் தலைவன், வக்கீல் என்று ஒவ்வொரு படத்திலும் அவர் ஒரு புதிய பொறுப்பை ஏற்கிறார். எதற்கும் தகுதி இல்லை. கீழே வேலை பார்ப்பவர்களுக்கு அது முதல் நாளே தெரிந்துவிடுகிறது.

அந்தக் கீழ்வேலைக்காரர்கள் இருவரைக் கண்டெடுத்தது பெரிய வாய்ப்பாக அமைந்தது. 1936இல் வந்த ‘விண்ட்பேக் த செய்லர்’ படத்தில் மூவரும் முதல் முறையாக ஒன்றுசேர்ந்தார்கள். ஒருவர் கிரஹாம் மொஃபட், பருத்த, மரியாதை தெரியாத, பதின்வயதுப் பையன். இன்னொருவர் மூர் மேரியட். பொய்ப்பல்லைக் கழற்றிவிட்டு, தாடி ஒட்டிக்கொண்டு, நடுங்கும் குரலில் தொண்டு கிழவராக மாறினார். உண்மையில் மேரியட் ஹேவைவிட மூன்று வயதுதான் மூத்தவர். மேடை நிகழ்ச்சியில் இருந்த கிழட்டு மாணவரின் பெயரான ஹார்பாட்டில் இவருக்குப் போனது. சுட்டிப் பையன், கிழவர், நடுவே திண்டாடும் அதிகாரி என்ற பழைய வகுப்பறை அமைப்பு சினிமாவுக்குள் அப்படியே இடம் மாறியது. இயக்குநராகப் பிரான்சில் பிறந்த மார்செல் வார்னெல் வந்ததும் படங்களின் வேகமும் கூடியது.

1937இல் வெளிவந்த ‘ஓ, மிஸ்டர் போர்ட்டர்!’ இந்தக் கூட்டணியின் உச்சம். ரயில்வே நிறுவனத்தில் உருப்படாத வேலை பார்க்கும் வில்லியம் போர்ட்டரைச் சொந்தக்காரர் ஒருவர், தொல்லை ஒழிந்தது என்று வட அயர்லாந்தின் மூலையில் பக்கிள்ஸ்கெல்லி என்ற நிலையத்துக்கு அதிகாரியாக அனுப்புகிறார். அங்கே ரயில் நிற்பதே அபூர்வம். இரண்டு ஊழியர்கள் பயணிகளின் சரக்கைத் தின்று வாழ்கிறார்கள். பேய் உலவுவதாக ஊரில் பேச்சு. பேய்க்கதையைப் பரப்பி மறைவில் ஆயுதம் கடத்தும் கும்பல் ஒன்று இருக்கிறது. கடைசியில் பழைய இன்ஜின் ஒன்றில் நடக்கும் துரத்தல் இன்றைக்கும் சளைக்காமல் ஓடுகிறது.

அயர்லாந்து என்று படம் சொன்னாலும், படப்பிடிப்பு நடந்தது இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில். பேசிங்ஸ்டோக், ஆல்டன் ஊர்களுக்கிடையே மூடப்பட்டுக் கிடந்த சிறு ரயில் பாதையில் கிளிடெஸ்டன் என்ற நிலையம் பக்கிள்ஸ்கெல்லியாக மாறியது. ‘கிளாட்ஸ்டன்’ என்ற பெயரோடு திரையில் வரும் இன்ஜின் 1899இல் செய்யப்பட்டது. கென்ட் அண்ட் ஈஸ்ட் சசெக்ஸ் ரயில்வேயிடமிருந்து இரவல் வாங்கி வந்த அந்த இன்ஜினுக்கு உயரமான புகைபோக்கி பொருத்தி இன்னும் பழையதாகக் காட்டினார்கள். 1941இல் அது உடைத்துப் பழைய இரும்பாக்கப்பட்டது. மாடல் பொம்மைகளை நம்பாமல் உண்மையான தண்டவாளத்தில் உண்மையான இன்ஜினை ஓட்டியதுதான் அந்தப் படத்தின் நகைச்சுவைக்கு எடை சேர்த்தது. சிரிக்கும்போதே ஆபத்தும் உணரப்படுகிறது.

அந்தப் படத்துக்குக் கதை ஃபிராங்க் லாண்டர். திரைக்கதை மேரியட் எட்கர், வால் கெஸ்ட், ஜே. ஓ. சி. ஆர்ட்டன். இவர்களில் மேரியட் எட்கர், மர்மக் கதைகளால் புகழ்பெற்ற எட்கர் வாலஸுக்கு, ஒரே தந்தைக்கு வேறு தாயிடம் பிறந்த சகோதரர். வாலஸின் ஆப்பிரிக்கக் கதைகளிலிருந்து ‘சாண்டர்ஸ் ஆஃப் த ரிவர்’ படம் 1935இல் வந்திருந்தது. அதைக் கேலி செய்து 1938இல் ஹே நடித்த ‘ஓல்ட் போன்ஸ் ஆஃப் த ரிவர்’ படத்தின் எழுத்தில் எட்கர் பங்கெடுத்தார். காலனி அதிகாரியின் தகுதியின்மையைக் காட்டும் இடங்களில் அந்தப் படம் இன்றும் கூர்மையாக இருக்கிறது. ஆப்பிரிக்கர்களை அது காட்டும் விதமோ இன்று பார்க்க முடியாதது. காலனி ஆட்சிக்குக் கீழே இருந்த நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்த இரண்டும் ஒருசேர உறைக்கும்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ இதே ஆண்டுகளில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நாடகக் கம்பெனியிலிருந்து சினிமாவுக்கு வந்தார். 1908இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்து, டி. கே. எஸ். சகோதரர்களின் குழுவில் வளர்ந்து, 1936இல் வந்த ‘சதி லீலாவதி’யில் நடித்தவர். தன் நகைச்சுவைப் பகுதிகளைத் தானே அமைத்துக்கொண்டவர். மேடையில் முன்பே பழகிய கூட்டாளிகளைத் திரைக்கும் கொண்டுவந்தவர். இந்த அளவில் இருவரும் ஒரே வழியில் நடந்தவர்கள். ஆனால் தமிழ்ப் படத்தில் நகைச்சுவை, முதன்மைக் கதைக்குப் பக்கத்தில் தனியாக ஓடும் கிளையாக இருந்தது. கலைவாணர் அந்தக் கிளைக்குள் சீர்திருத்தக் கருத்தை வைத்தார். ஹேவுக்கு முழுப் படமும் கிடைத்தது, கருத்துச் சொல்லும் நோக்கம் அவருக்கு இல்லை. கலைவாணர் தெரிந்ததைச் சொல்லிச் சிரிக்கவைத்தார், ஹே தெரியாததை மறைத்துச் சிரிக்கவைத்தார்.

திரையில் எதுவும் தெரியாத இந்த மனிதர் நிஜத்தில் படித்துத் தேர்ந்த வானியலாளர் என்பது அவர் வாழ்க்கையின் மிகச் சிறந்த பகுதி. அரச வானியல் கழகத்தில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டிருந்தார். நார்பரியில், த சேஸ் என்ற தெருவில் 45ஆம் எண் வீட்டில், 6 அங்குல விட்டமுள்ள தொலைநோக்கியை நிறுவியிருந்தார். 1933 ஆகஸ்ட் 3 இரவு சனிக் கிரகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதன் நடுக்கோட்டுப் பகுதியில் பெரிய வெள்ளைப் புள்ளி ஒன்றைக் கண்டார். சக வானியலாளர் டபிள்யூ. எச். ஸ்டீவன்சனுக்குத் தொலைபேசியில் சொல்ல, அவரும் பார்த்து உறுதிசெய்தார்.

சனியின் காற்று மண்டலத்தில் எழும் பெரும் புயல்தான் அந்த வெள்ளைப் புள்ளி. 1876, 1903, 1933, 1960, 1990 என்று ஏறத்தாழ முப்பது ஆண்டுக்கு ஒருமுறை இப்படிப்பட்டவை பதிவாகியுள்ளன. சனிப்பெயர்ச்சியை இரண்டரை ஆண்டுக் கணக்கில் பின்தொடரும் நம்மவர்களுக்கு அந்த முப்பது ஆண்டு புதிதல்ல. பன்னிரண்டு ராசிகளையும் சனி சுற்றிவர ஆகும் காலம் அது, அதாவது சூரியனைச் சுற்ற அதற்குத் தேவைப்படும் 29½ ஆண்டு. வானியல் இதழ்களில் எழுதும்போது ஹே ‘டபிள்யூ. டி. ஹே’ என்று மட்டும் கையெழுத்திட்டார். சிரிப்பு நடிகரின் புகழை அறிவியலுக்குள் கொண்டுவர அவர் விரும்பவில்லை. நேரத்தை நுட்பமாகப் பதியும் கருவிகளைத் தன் கையாலேயே செய்தார். 1935இல் சாதாரண வாசகர்களுக்காக ‘த்ரூ மை டெலஸ்கோப்’ என்ற அறிமுக நூலையும் எழுதினார். பொறியாளர் வீட்டுப் பிள்ளையின் பொறுமை அவர் நகைச்சுவையிலும் தெரிகிறது. ஒவ்வொரு மௌனத்தையும் அளந்து வைத்தவர் அவர்.

1939இல் வந்த ‘ஆஸ்க் எ போலீஸ்மேன்’ மூவர் கூட்டணியின் இன்னொரு நல்ல படம். பல ஆண்டுகளாகக் குற்றமே நடக்காத ஊரின் காவல் நிலையத்தை மூடிவிடுவார்களோ என்று பயந்து, காவலர்களே குற்றத்தை உண்டாக்கப் பார்க்கிறார்கள். ஆனால் ஹேவுக்கு மூவரில் ஒருவராகவே இருந்துவிட விருப்பமில்லை. 1940இல் வந்த ‘வேர்ஸ் தட் ஃபயர்?’ படத்தோடு கூட்டணி முடிந்தது. வணிகக் கணக்கில் அது துணிச்சலான முடிவு. ரசிகர்கள் அந்த இருவரையும் தேடினார்கள் என்பது உண்மை. கலைக் கணக்கில் அது அவருக்கு நன்மையே செய்தது.

ஈலிங் படப்பிடிப்பு நிலையத்தில் அவருடைய கடைசிக் கட்டம் தொடங்கியது. ‘த கோஸ்ட் ஆஃப் செயின்ட் மைக்கேல்ஸ்’ 1941இல் வந்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து ஸ்காட்லாந்தின் தீவொன்றுக்கு இடம்பெயர்ந்த பள்ளியின் கதை அது. அடுத்த மூன்று முதன்மைப் படங்களைப் பேசில் டியர்டனோடு சேர்ந்து இயக்கினார். அவற்றில் 1942இல் வந்த ‘த கூஸ் ஸ்டெப்ஸ் அவுட்’ போர்க்காலப் பிரசாரப் படம். ஜெர்மனிக்குள் நுழைந்துவிட்ட ஆங்கில வாத்தியார், உளவுக்குப் பயிற்சி பெறும் நாஜி இளைஞர்களுக்கு ஆங்கிலேயர் பழக்கவழக்கம் கற்பிக்கிறார். இரண்டு விரலைக் காட்டும் இங்கிலாந்தின் வசைச் சைகையை, மரியாதை வணக்கம் என்று சொல்லிக்கொடுத்து, ஹிட்லர் படத்தின் முன் அத்தனை பேரையும் செய்யவைக்கிறார். அந்த மாணவர்களில் ஒருவர் இளம் பீட்டர் உஸ்டினோவ்.

போர் நாட்களில் ஹே உண்மையிலேயே ஆசிரியரானார். கடற்படையின் தன்னார்வப் பிரிவில் சேர்ந்து, இளைஞர்களுக்கு வானியலும் நட்சத்திரங்களைக் கொண்டு கடலில் வழி கண்டுபிடிப்பதும் கற்பித்தார்.

1943இல் வந்த ‘மை லேர்னட் ஃபிரண்ட்’ அவருடைய கடைசிப் படம். சிறையிலிருந்து வெளிவந்த கொலைகாரன் ஒருவன் தன்னைத் தண்டனைக்கு உள்ளாக்கியவர்களை வரிசையாகத் தீர்த்துக்கட்டுகிறான். அந்தப் பட்டியலில் கடைசிப் பெயர், தொழிலிலிருந்து நீக்கப்பட்ட வக்கீலான ஹே. மரணத்தை நகைச்சுவையாக்கும் இந்தப் படம் பிக் பென் கடிகாரத்தின் முட்கள் மீது தொங்கும் காட்சியில் போய் முடிகிறது. இதை எழுதிய இருவரில் ஒருவரான ஜான் டைட்டன், 1949இல் வந்த ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரனெட்ஸ்’ என்ற புகழ்பெற்ற ஈலிங் படத்திலும் பங்கெடுத்தார். வரிசைக் கொலையை வைத்துச் சிரிக்கவைக்கும் அந்தப் படத்துக்கு முன்னோட்டம் இங்கே இருக்கிறது.

புற்றுநோய் அவரை சினிமாவிலிருந்து விலக்கியது. 1944இல் பிபிசி வானொலியில் வாத்தியார் மறுபடி ஒலித்தார். பின்னர் பக்கவாதம் வந்தது. 1949 ஏப்ரல் 18 அன்று செல்சியிலுள்ள வீட்டில் காலமானார். வயது 60. நார்பரிக்கு அருகே ஸ்ட்ரீத்தம் பார்க் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

1968 முதல் 1977 வரை பிபிசி தொலைக்காட்சியில் ஓடிய ‘டேட்ஸ் ஆர்மி’ தொடரில், வீம்பான அதிகாரி, கிழவர், விவரமில்லாத பையன் என்ற அமைப்பு ‘ஓ, மிஸ்டர் போர்ட்டர்!’ படத்திலிருந்து வந்தது என்று அதை உருவாக்கிய ஜிம்மி பெரி சொல்லியிருக்கிறார். 3125 என்ற எண் கொண்ட சிறுகோளுக்கு ‘ஹே’ என்று பெயரிடப்பட்டுள்ளது. நார்பரி வீட்டின் சுவரில் 2000ஆம் ஆண்டு இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு அவர் நினைவாக நீலப் பலகை பதித்தது. ஹேவை முதல் முறையாகப் பார்க்க விரும்புகிறவர்கள் ‘ஓ, மிஸ்டர் போர்ட்டர்!’ படத்தில் தொடங்கலாம். அது ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், குழந்தைகளோடும் பார்க்கலாம். அடுத்ததாக ‘மை லேர்னட் ஃபிரண்ட்’ படத்தைப் பார்த்தால், ஆறு ஆண்டுகளில் அவர் எவ்வளவு தூரம் நகர்ந்திருந்தார் என்பது விளங்கும்.